கிருபையை நம்பி ஒரு வாழ்க்கை: ரேனியஸ் ஐயரும் நம் சீமையும்



சங்கத்தின் விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, "நீங்கதான் சைட் இன்ஜினியராச்சே, பாலம், கட்டடம்னு ஏதாவது எழுதுங்க" என்றார்கள். பாலத்தையும் கட்டடத்தையும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மலரிலாவது வேறு ஒன்றைப் பற்றி எழுதுவோமே என்று தோன்றியது. நாம் நாலு வருஷம் படித்து, சாப்பிட்டு, ஊர் சுற்றிய இந்த மண்ணின் பழைய கதைகளில் ஒன்றைச் சொல்லலாம் என்று எடுத்துக்கொண்டேன்.

வெளியூரில் வேலை பார்க்கும் நம்மவர்களிடம் "உங்க காலேஜ் எந்தப் பக்கம்?" என்று கேட்டால் என்ன சொல்கிறோம்? ராஜபாளையம் என்றால் நூற்பாலையும் நாயும். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள், கோபுரம், பால்கோவா. எல்லாம் சரிதான். ஆனால் இந்த இரண்டு ஊர்களும் 1910ஆம் ஆண்டு வரை திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தவை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்த வருஷம் ராமநாதபுரம் ஜில்லா உருவானபோது அதில் சேர்ந்தோம். 1985இல் அதையும் பிரித்ததில் காமராஜர் மாவட்டத்துக்கு வந்து, இப்போது விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறோம். ஆகவே நூறு வருஷத்துக்கு முந்தைய திருநெல்வேலி வரலாறு என்பது நம் சொந்த வரலாறுதான்.

அந்த வரலாற்றில் ஒரு லுத்தரன் போதகர் வருகிறார். முழுப்பெயர் கார்ல் தியோபிலஸ் எவால்ட் ரேனியஸ். நெல்லைச் சீமைக் கிறிஸ்தவர்கள் தங்கள் போதகர்களை மரியாதையாக "ஐயர்" என்று அழைப்பது பழைய வழக்கம். அதனால் அவர் ரேனியஸ் ஐயர். தமிழ்நாட்டில் அவர் ஊழியம் செய்தது 24 வருஷம். ஒரு தடவை கூடத் தாய்நாடு திரும்பாமல், இந்த மண்ணிலேயே வேலை செய்து இந்த மண்ணிலேயே அடக்கமானவர். இவ்வளவு உழைத்த மனிதரை, அனுப்பி வைத்த சங்கமே வேலையிலிருந்து நீக்கியது. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

பிரஷ்யாவிலிருந்து பாளையங்கோட்டைக்கு

ரேனியஸ் 1790 நவம்பர் 5ஆம் தேதி பிரஷ்ய நாட்டின் கிராடென்ஸ் என்ற கோட்டை நகரத்தில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. பெர்லினில் யோகான் யேனிக்கே என்ற போதகர் நடத்திய மிஷனரிப் பள்ளியில் படித்தார். இந்த யேனிக்கேயின் தம்பி யோசேப்பு டேனியல் யேனிக்கே, தஞ்சாவூரிலும் பாளையங்கோட்டையிலும் ஊழியம் செய்து 1800இல் இறந்தவர். குருவின் குடும்பத்திலேயே திருநெல்வேலியின் பெயர் புழங்கியிருக்கிறது பாருங்கள்!

1812இல் ரேனியஸ் லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் பெற்றார். ஆனால் அவரை இந்தியாவுக்கு அனுப்பியது ஒரு ஆங்கிலேயச் சங்கம், சர்ச் மிஷனரி சங்கம், அதாவது சி.எம்.எஸ். 1813இல் கம்பெனியின் சாசனம் திருத்தப்பட்டு மிஷனரிகளுக்குக் கதவு திறந்தது. ஆனால் அந்தக் காலத்தில் இங்கிலாந்துக் குருமார்கள் கப்பலேறத் தயாராக இல்லை. ஆகவே ஆங்கிலிக்கன் சங்கம் ஜெர்மானிய லுத்தரன்களை வேலைக்கு எடுத்தது. கம்பெனி ஒன்று, ஆள் எடுத்தது வேறொரு இடத்தில் என்று நாம் சொல்கிற மாதிரிதான். பின்னால் வந்த தகராறுக்கெல்லாம் விதை இங்கேயே விழுந்துவிட்டது.

1814 ஜூலையில் சென்னையில் இறங்கினார். கொஞ்ச காலம் தரங்கம்பாடி, பிறகு சென்னை. 1820 ஜூலையில் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டு இருபது வருஷம்தான் ஆகியிருந்தது. பாளையக்காரர் காலம் முடிந்து கம்பெனி ஆட்சி ஊன்றிக்கொண்டிருந்த நேரம்.

வெறும் நிலத்தில் அவர் வந்து நிற்கவில்லை. அவருக்கு முன்னால் தஞ்சாவூர் ஷ்வார்ட்ஸ் ஐயர் 1778இல் பாளையங்கோட்டைக்கு வந்து கிளாரிந்தா அம்மையாருக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தார். அந்த அம்மையார் கட்டிய சிறு கோயில் 1785இல் பிரதிஷ்டை ஆயிற்று. சத்தியநாதன் என்ற தமிழர் 1790இல் லுத்தரன் முறையில் குருப்பட்டம் பெற்று இந்தச் சீமையில் உழைத்தார். கம்பெனியின் படைக் குருவாக இருந்த ஜேம்ஸ் ஹவ் பள்ளிக்கூடங்கள் தொடங்கி, மிஷனுக்காக நிலமும் வாங்கி வைத்திருந்தார். முன்னால் வந்தவர்கள் போட்ட அஸ்திவாரத்தின் மேல்தான் ரேனியஸ் ஐயர் கட்டினார்.

பதினைந்து வருஷ வேலை

1820 முதல் 1835 வரை பதினைந்து வருஷம். இந்தக் காலத்தில் அவர் செய்த வேலையைப் பட்டியல் போட்டாலே மூச்சு வாங்கும்.

முதலில் சபைகள். இருநூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களில் சபைகள் உண்டாயின. ஒவ்வொரு ஊருக்கும் வெள்ளைக்கார மிஷனரி போய் உட்கார முடியுமா? முடியாது. ஆகவே உள்ளூர் ஆட்களையே பயிற்றுவித்து உபதேசியார்களாக வைத்தார். அவர்களை அடிக்கடி பாளையங்கோட்டைக்கு வரவழைத்துப் பாடம் நடத்தி, அவர்கள் சொல்கிற ஊர் நிலவரத்தைக் கேட்டு, மறுபடி அனுப்புவார். இன்றைக்கு நாம் "ரிவ்யூ மீட்டிங்" என்கிறோமே, அதேதான்.

இரண்டாவது, அடைக்கலக் கிராமங்கள். புதிதாகக் கிறிஸ்தவம் தழுவிய ஏழைகள் பலர் நிலக்காரர்களிடம் அடிவாங்கினார்கள், வீடிழந்தார்கள். "ஜெபம் பண்ணுங்க, எல்லாம் சரியாயிரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர் அல்ல ரேனியஸ் ஐயர். 1830இல் "தர்ம சங்கம்" என்று ஒன்றை ஆரம்பித்தார். சபை மக்களிடமும் மற்றவர்களிடமும் பணம் திரட்டி நிலம் வாங்கி, விரட்டப்பட்டவர்களைக் குடியேற்றுவது அதன் வேலை. சொந்த மனையில் இருப்பவனை யார் விரட்ட முடியும்? இதற்கு முன்பே 1827இல், பிரஷ்யாவைச் சேர்ந்த டோனா பிரபு அனுப்பிய பணத்தில் உருவான ஊர்தான் டோனாவூர். எமி கார்மைக்கேல் அம்மையார் 1901இல் வந்து தங்கிக் குழந்தைகளைக் காப்பாற்றிய அதே டோனாவூர்!

மூன்றாவது, பள்ளிக்கூடம். ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளிகள் வைத்தார். விடுதியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றார். எதிர்ப்பு கிளம்பியது. பிள்ளைகளை அழைத்துப் போனவர்களும் உண்டு. அவர் இறங்கி வரவில்லை. இருநூறு வருஷத்துக்கு முந்தைய கதை இது என்பதை நினைத்துப் பாருங்கள். நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தோம் என்று என்றைக்காவது யோசித்திருப்போமா? அப்படி யோசிக்காமல் சாப்பிட முடிந்ததற்குப் பின்னால் இப்படிப் பலருடைய பிடிவாதம் இருக்கிறது.

நான்காவது, தமிழ். பாளையங்கோட்டையில் திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் முறையாகத் தமிழ் படித்தார். ஆங்கிலத்தில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதி 1834இல் வெளியிட்டார். 1832இல் அவருடைய "பூமி சாஸ்திரம்" அச்சானது. தமிழில் அச்சேறிய தொடக்க கால அறிவியல் புத்தகங்களில் அது ஒன்று. சயின்ஸ் படித்த நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

இதோடு பைபிள் மொழிபெயர்ப்பு. அதற்கு முன் வழக்கத்தில் இருந்தது பப்ரிசியஸ் ஐயரின் மொழிபெயர்ப்பு. பப்ரிசியஸும் லுத்தரன் போதகர்தான். 1740 முதல் 1791 வரை, ஐம்பது வருஷம் தமிழ்நாட்டில் இருந்தவர். அவருடைய மொழிபெயர்ப்பு மூலத்தோடு சொல்லுக்குச் சொல் ஒட்டியது. ரேனியஸ், படிக்கிற தமிழனுக்குப் புரிகிற வாக்கிய அமைப்பு வேண்டும் என்றார். மொழிபெயர்ப்பின் முறைகளைப் பற்றி 1827இல் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார். அவருடைய புதிய ஏற்பாடு 1833இல் முழுமையாக வெளிவந்தது. இதற்கும் எதிர்ப்பு! தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய கிறிஸ்தவர்கள், வேதநாயக சாஸ்திரியார் உட்பட, "எங்கள் பழைய வேதத்தைத் தொடாதே" என்றார்கள். மனப்பாடமான வார்த்தைகளை மாற்றினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

1826இல் அவர் காலத்தில் எழுந்த பாளையங்கோட்டைத் தூய திரித்துவ ஆலயம், ஊசிக்கோபுரம் என்று ஊரே சொல்லும் கோயில், இன்றும் நிற்கிறது.

கிருபை என்றால் சும்மா இருப்பதா?

இவ்வளவு வேலை செய்த மனிதரின் நம்பிக்கை என்ன தெரியுமா? மனிதன் தன் வேலையால் கடை தேற மாட்டான் என்பது! இதுதான் லுத்தரன் மார்க்கத்தின் அடிப்படை. மார்ட்டின் லூத்தர் 1517இல் தொடங்கிய வாதத்தின் மையம் இதுவே. நல்ல காரியங்களைச் சேர்த்து வைத்துக் கடவுளிடம் கணக்குக் காட்ட முடியாது; அவருடைய கிருபையினால், விசுவாசத்தின் வழியாக மட்டுமே மீட்சி.

கேட்கிறபோது, "அப்போ எதுக்கு ராப்பகலா உழைக்கணும்? சும்மா உட்காரலாமே" என்று தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. இதற்குப் பதில் தேட நாம் ஜெர்மனி வரை போக வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மாட வீதியில் கேட்டாலே போதும்.

பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த ஊர் அது. தென்கலை வைணவப் பெரியவர்கள் இதே விஷயத்தைப் பூனைக்குட்டி நியாயம் என்று சொல்வார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை. தாய்ப்பூனைதான் வாயில் கவ்விக்கொண்டு போகிறது. ஜீவன் பூனைக்குட்டி, பெருமாள் தாய்ப்பூனை என்பது தென்கலையார் கொள்கை. காரணம் கேட்காமல் வருகிற கிருபை என்பதற்கு அவர்கள் பெரிய விளக்கங்கள் எழுதியிருக்கிறார்கள். ருடால்ப் ஓட்டோ என்ற ஜெர்மன் லுத்தரன் அறிஞர் 1930இல், இந்தியாவின் இந்த அருள் நெறியையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு ஒரு புத்தகமே வெளியிட்டார். இரண்டும் ஒன்றே என்று அவர் சொல்லவில்லை. வித்தியாசங்களையும் எடுத்துக் காட்டினார். ஆனாலும் இவ்வளவு தூரத்தில் பிறந்த இரண்டு மார்க்கங்கள் இத்தனை நெருக்கமாக வந்திருப்பது அவரை ஆச்சரியப்படுத்தியது.

சரணாகதி செய்த வைணவர் கைங்கரியத்தை விட்டுவிடுகிறாரா? இல்லையே! விடிகாலையில் எழுந்து பூத்தொடுக்கிறார். பலன் கருதிச் செய்வதில்லை, அவ்வளவுதான். ரேனியஸ் ஐயர் உழைத்ததும் அப்படித்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன். கணக்கில் வரவு வைக்க அவர் உழைக்கவில்லை. ஏற்கெனவே கிடைத்துவிட்ட ஒன்றுக்கு நன்றியாக உழைத்தார். இந்த வித்தியாசம் சாதாரணமாகத் தெரியாது. எல்லாம் கையைவிட்டுப் போகிற நாளில்தான் தெரியும். அந்த நாளும் வந்தது.

1835: வேலை போன வருஷம்

சபைகள் பெருகப் பெருக, தமிழ்க் குருமார்கள் தேவைப்பட்டார்கள். தன் உபதேசியார்களில் தகுதியானவர்களுக்குத் தன் முறைப்படி, அதாவது லுத்தரன் முறைப்படி, குருப்பட்டம் கொடுக்க வேண்டும் என்றார் ரேனியஸ். சங்கம் மறுத்தது. ஆங்கிலிக்கன் பிஷப்தான் கொடுக்க வேண்டும் என்றது.

ரேனியஸ் பக்கத்து நியாயம் இது: தரங்கம்பாடியில் 1733இல் ஆரோன் என்ற தமிழர் லுத்தரன் முறையில்தான் குருவானார். சத்தியநாதனும் அப்படித்தான். நூறு வருஷமாக நடந்துவந்த வழக்கம் இன்றைக்கு ஏன் செல்லாது? என்னையே லுத்தரன் என்று தெரிந்துதானே அனுப்பினீர்கள்?

சங்கத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அது ஆங்கிலிக்கன் திருச்சபையின் சங்கம். தென்னாட்டுக்கென்று தனியாக ஒரு பிஷப் வரப்போகிற நேரம். 1835இல் சென்னையின் முதல் பிஷப்பாக டேனியல் காரி வந்தார். எல்லாரும் ஒரே ஒழுங்கில் இருக்க வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். இதற்கிடையே சென்னையிலிருந்த ஹார்ப்பர் என்ற ஆங்கிலிக்கன் குரு ஒரு புத்தகம் எழுதினார். ரேனியஸ் அதற்கு மதிப்புரை எழுதி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் அமைப்பையே வெளிப்படையாக விமர்சித்து 1834இல் வெளியிட்டார். சம்பளம் கொடுக்கிற இடத்தைப் பற்றி இப்படி அச்சில் எழுதினால் எந்த நிர்வாகம் பொறுக்கும்? 1835இல் அவரை நீக்கிவிட்டார்கள்.

நம் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. கான்கிரீட் தளம் போட்டால், சென்ட்ரிங் பலகையும் முட்டும் இருக்கிற வரை தளம் நிற்கிறதா, முட்டு தாங்குகிறதா என்று யாருக்கும் தெரியாது. முட்டைப் பிரிக்கிற அன்றைக்குத்தான் தெரியும். மேஸ்திரி முதல் இன்ஜினியர் வரை அன்று எல்லாருக்கும் வயிற்றில் ஒரு கலக்கம் இருக்கும். 1835இல் ரேனியஸ் ஐயருக்கு நடந்தது அதுதான். பதவி, சம்பளம், வீடு, சங்கத்தின் பெயர் என்று அத்தனை முட்டும் ஒரே நாளில் பிரிக்கப்பட்டது.

அவர் சண்டை போட்டுக்கொண்டு உட்காரவில்லை. மிஷன் பொறுப்புகளைச் சங்கத்திடம் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஆற்காட்டுக்குப் போனார். அங்கே புதிதாக ஊழியம் தொடங்குவதாக எண்ணம்.

ஆனால் திருநெல்வேலி அவரை விடவில்லை. உபதேசியார்களும் சபை மக்களும் "திரும்பி வாங்க ஐயா" என்று கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார்கள். அந்த வருஷக் கடைசிக்குள்ளேயே திரும்பி வந்தார். இப்போது சங்கத்தின் ஆதரவு கிடையாது. நண்பர்கள் மனமுவந்து அனுப்பும் உதவிதான். வருமா வராதா, எப்போது வரும், எவ்வளவு வரும், எதுவும் நிச்சயமில்லை. மாசம் பிறந்தால் சம்பளம் என்று பழகிவிட்ட நமக்கு இது எப்படிப்பட்ட நிலைமை என்று சொல்லத் தேவையில்லை.

இந்த இடத்தில் உண்மையை மறைக்காமல் எழுத வேண்டும். அவர் திரும்பி வந்ததால் சபைகள் இரண்டாகப் பிரிந்தன. சங்கத்தோடு ஒரு பகுதி, ரேனியஸோடு ஒரு பகுதி. ஒரே ஊரில், சில இடங்களில் ஒரே குடும்பத்தில் இரண்டு கட்சி. தரங்கம்பாடி லுத்தரன் பாரம்பரியத்தில் வளர்ந்த ஜான் தேவசகாயம் ஐயரே சங்கத்தின் பக்கம் உறுதியாக நின்றார். அவரும் சாதாரண ஆள் அல்ல; 1830இல் ஆங்கிலிக்கன் குருப்பட்டம் பெற்ற மதிப்புக்குரிய தமிழர். இரண்டு பக்கமும் நல்லவர்கள் இருந்ததால்தான் அந்தப் பிரிவு அத்தனை வலித்தது.

அவர் வந்திருக்கலாமா, ஆற்காட்டிலேயே இருந்திருக்கலாமா? வரலாற்று ஆசிரியர்கள் இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். என் எண்ணத்தில், கூப்பிடுகிற குரலைக் கேட்டும் வராமல் இருப்பது அவருக்கு முடியாத காரியம். ஆனால் அவர் வந்ததில் காயப்பட்டவர்களும் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. கிருபையை நம்பி வாழ்ந்தவர்கள் குறையே இல்லாதவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. குறை உள்ளவர்களுக்குத்தானே கிருபை தேவைப்படுகிறது!

1838 ஜூன் 5ஆம் தேதி ரேனியஸ் ஐயர் காலமானார். வயது 47. பாளையங்கோட்டையில் அடைக்கலபுரத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அடைக்கலம் என்றாலும் சரணாகதி என்றாலும் ஒன்றுதானே! அவர் மறைவுக்குப் பிறகு, பிரிந்த சபைகளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சங்கத்தோடு சேர்ந்துகொண்டன. அவருடைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் அவர் மகன் தொகுத்து 1841இல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார்.

நம் பக்கத்துக்கு வந்த கிளை

சரி, இதற்கும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இனிமேல்தான் சம்பந்தம் வருகிறது.

கிருஷ்ணன்கோவில் முக்கில் மேற்கே திரும்பினால் வத்திராயிருப்பு. நம்ம பேச்சில் வத்றாப்பு. சதுரகிரி போகிறபோது அந்த வழியாகப் போயிருப்பீர்கள். அந்தப் பக்கம் கிறிஸ்டியான்பேட்டை என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1840இல் அதை உருவாக்கியவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். 1810இல் பிறந்த இவர், பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரின் பள்ளியில் படித்த மாணவர்!

இங்கிலாந்தில் பல் மருத்துவராக நல்ல வருமானத்தோடு இருந்து, அதையெல்லாம் விட்டுவிட்டு 1833இல் இந்தியா வந்த அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் என்பவர் ரேனியஸின் நண்பர். 1835 தகராறில் ரேனியஸுக்காகப் பேசியவர். அருளப்பன் இந்த குரோவ்ஸோடு சேர்ந்து ஊர் ஊராக ஊழியம் செய்தார். இருவரிடமும் கற்றுக்கொண்டதை நம் மலையடிவாரத்தில் செய்து காட்டினார். எந்தச் சங்கத்திடமும் சம்பளம் வாங்குவதில்லை என்று முடிவு. விவசாயம் செய்து, கையால் உழைத்துப் பிழைத்துக்கொண்டே ஊழியம். 1860இல் அவரைச் சுற்றி ஒரு பெரிய பக்தி எழுச்சி உண்டாயிற்று. வெள்ளைக்காரர் யாரும் முன்னின்று நடத்தாமல் தமிழர்களே நடத்திய எழுச்சி அது. மிஷனரிகள் சிலர் வியந்தார்கள், சிலர் சந்தேகப்பட்டார்கள். 1867இல் அருளப்பன் மறைந்தார். அவருடைய நாட்குறிப்புகளை வைத்து 1939இல் ஆங்கிலத்தில் ஒரு வரலாறு வெளிவந்தது.

கணக்குப் பாருங்கள். பாளையங்கோட்டையில், தமிழர்களுக்குத் தன் கையால் குருப்பட்டம் கொடுக்க அனுமதி கேட்டுக் கிடைக்காமல் போனவர் ரேனியஸ். அவருடைய மாணவர் ஒருவர், யாருடைய அனுமதியும் கேட்காமல், யாருடைய சம்பளமும் இல்லாமல், வத்திராயிருப்புப் பக்கம் ஒரு ஊரையே எழுப்பி நடத்தினார்.

இன்னொரு கிளையும் உண்டு. தாமஸ் ராக்லண்ட் என்பவர் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் மிக உயர்ந்த தேர்ச்சி பெற்றவர். சென்னையில் சி.எம்.எஸ். சங்கத்தின் செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டு, 1854இல் வட திருநெல்வேலிக்கு வந்து கூடாரம் அடித்தார். வட திருநெல்வேலி என்றால் சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று நம் பகுதிதான். நிரந்தர வீடு கிடையாது, கிராமம் கிராமமாகக் கூடாரம்தான். 1858இல் சிவகாசியில் இறந்தார். இந்தக் கூடார ஊழியத்துக்கு ஆள் எங்கிருந்து வந்தது தெரியுமா? தெற்குத் திருநெல்வேலிச் சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைவைத்து, தங்கள் சொந்தச் செலவில் நம் பக்கம் அனுப்பின. இருபது வருஷம் முன்பு அடி வாங்கி, வீடிழந்து, அடைக்கலக் கிராமத்தில் ஒதுங்கிய ஏழைச் சபைகள்! வாங்கிக்கொண்டிருந்தவர்கள் கொடுக்கிறவர்களாக மாறியிருந்தார்கள்.

முட்டைப் பிரித்த பிறகும் தளம் நின்றதா என்று கேட்டால், என் பதில் இதுதான்.

என்ன மிஞ்சியது?

ரேனியஸ் ஐயரின் கணக்கில் என்ன மிஞ்சியது என்று பார்த்தால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். பதவி போயிற்று. அவருடைய பைபிள் மொழிபெயர்ப்பு சபைகளின் வேதமாக நிலைக்கவில்லை. 1871இல் வந்த பவர் ஐயரின் ஐக்கியத் திருப்புதல், பழைய பப்ரிசியஸையே பெரிதும் தழுவியது. தன் முறையில் குருப்பட்டம் என்ற ஆசையும் நிறைவேறவில்லை. அவர் சபைகள் ஆங்கிலிக்கனாகி, 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்துவிட்டன. லுத்தரன் என்ற பெயர்ப் பலகை கூட அங்கே இல்லை.

ஆனால் அவர் நிலம் வாங்கிக் கொடுத்த குடும்பங்கள் நிலைத்தன. அவர் பந்தியில் சேர்ந்து உட்கார்ந்த பிள்ளைகளின் சந்ததி படித்தது. அவர் பயிற்றுவித்த உபதேசியார்கள் ஊர் ஊராகப் போனார்கள். அதில் ஒரு பாதை நம் வத்திராயிருப்பு வரை வந்தது. தன் பெயரைக் காப்பாற்ற அவர் வேலை செய்திருந்தால் இதையெல்லாம் தோல்வி என்றுதான் சொல்ல வேண்டும். வேலை தன்னுடையது அல்ல என்று நம்பியவருக்கு இது தோல்வி இல்லை.

நாமெல்லாம் இப்போது முப்பதுகளில் இருக்கிறோம். வேலைக்குச் சேர்ந்து பத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டையில் வேலை பார்த்த அதே அளவு காலம். நம்மில் சிலர் பெரிய பதவியில் இருக்கிறோம். சிலருக்குப் போன வருஷம் வேலை போய், மெயிலில் ஒரே ஒரு கடிதம் வந்து, அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். ரீயூனியனுக்கு வரவே கூச்சப்பட்டு, "நான் வரலப்பா" என்று சொன்ன நண்பர்களும் உண்டு. அவர்களை நினைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரைக்கு இந்த மனிதரைத் தேர்ந்தெடுத்தேன். கம்பெனி கொடுத்த பெயரும் பதவியும் கம்பெனி எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் கற்றுக்கொடுத்த ஜூனியரும், கை கொடுத்த குடும்பமும் யார் கணக்கிலும் இல்லை. யாரும் எடுத்துக்கொள்ளவும் முடியாது. கடவுள் கிருபை என்று சொல்பவர்கள் அப்படிச் சொல்லட்டும். ஆண்டாள் அனுக்கிரகம் என்பவர்கள் அப்படிச் சொல்லட்டும். நமக்குக் கிடைத்ததில் பாதி நாம் சம்பாதித்தது அல்ல என்பது மட்டும் இந்த வயதில் எல்லாருக்கும் தெரிகிறது.

அடுத்த முறை குடும்பத்தோடு இந்தப் பக்கம் வருகிறவர்கள் பால்கோவா வாங்கி, ஆண்டாளைச் சேவித்துவிட்டு, நேரமிருந்தால் கிருஷ்ணன்கோவிலில் மேற்கே திரும்பி கிறிஸ்டியான்பேட்டையையும் பார்த்துவிட்டு வாருங்கள். தெற்கே போகிறவர்கள் சங்கரன்கோவில் வழியாகப் பாளையங்கோட்டைக்குப் போய், ஊசிக்கோபுரத்தை நிமிர்ந்து பாருங்கள். பிள்ளைகளிடம் கதையைச் சொல்லுங்கள்.

வர முடியாத நண்பர்களுக்கும் சேர்த்து, நம் சங்கமும் நம் கல்லூரியும் நம் ஊர்களும் நீடூழி வாழ்க என்று வாழ்த்தி விடைபெறுகிறேன். வணக்கம்!